கம்பெனி நண்டும் காரல் குழம்பும்

கேள்வி: ராமநாதபுரத்தில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். பிறந்த ஊர் வடகடல், அதாவது பாக் விரிகுடாக் கரையில். சின்ன வயதில் அப்பா வலையோடு கொண்டுவரும் நண்டில் எங்களுக்குப் போக மிச்சத்தை அக்கம்பக்கத்துக்குச் சும்மா கொடுப்பார். இன்று அதே கரையில் ஏற்றுமதிக் கம்பெனிக்காரர்கள் எடுத்தது போக மிஞ்சுகிற உடைசல்தான் எங்களுக்கு. போன மாதம் கடைப் பலகையிலிருந்து நண்டுக் குழம்பை அழித்துவிட்டேன். சீலாவும் கட்டுப்படியாகவில்லை. மீனையெல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்புவதால்தான் இந்த விலை, கடலும் அதனால்தான் காலியாகிறது என்கிறான் என் தம்பி. ஏற்றுமதியை நிறுத்தினால் விலை இறங்குமா ஐயா? அதுவரை நான் எதை வாங்கிச் சமைப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நண்டு விஷயத்தில் உங்கள் தம்பி சொல்வது சரி. சீலா விஷயத்தில் தப்பு. கடல் காலியாவதைப் பற்றி அவர் சொல்வதில் பாதி சரி, ஆனால் அந்தப் பாதியும் அவர் நினைக்கிற வழியில் நடப்பதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் மீன் விலையைக் கணக்கெடுத்தே பிழைத்தவன் என்ற முறையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. இதற்கு அரசாங்கப் புள்ளிவிவரம் எதுவும் வேண்டாம், காலண்டர் போதும். புரட்டாசி பிறந்தால் பாதித் தமிழ்நாடு அசைவத்தைக் கைவிடுகிறது. அந்த மாதத்தில் எந்த மீனின் விலை இறங்குகிறதோ, அதன் விலையை நம் ஊர் வயிறுதான் தீர்மானிக்கிறது என்று அர்த்தம். எது இறங்காமல் அப்படியே நிற்கிறதோ, அதன் விலை வேறெங்கோ தீர்மானமாகிறது. கம்பெனிக்குப் புரட்டாசியும் கிடையாது, வெள்ளிக்கிழமையும் கிடையாது.

சீலாவை இந்தச் சோதனையில் வைத்துப் பாருங்கள். நீங்கள் சீலா என்பதைச் சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்கிறார்கள், கன்னியாகுமரிப் பக்கம் நெய்மீன். மூன்று பேருக்கும் அதுதான் கல்யாண வீட்டு மீன், ஞாயிற்றுக்கிழமை வறுவல் மீன். பெரும்பகுதி நாட்டுக்குள்ளேயே விற்றுத் தீர்கிறது. உங்கள் கரையில் இன்று இறங்கிய சீலா ஐஸ் பெட்டியில் ஏறி நாளைக் காலை மதுரையிலோ பெங்களூரிலோ கேரளாவிலோ இருக்கிறது. உங்கள் மெஸ்ஸோடு போட்டி போடுவது ஜப்பான்காரர் இல்லை, பெங்களூர் ஐ.டி. கம்பெனிச் சம்பளம். ஏற்றுமதியை நாளைக்கே நிறுத்தினாலும் சீலா விலையில் பெரிய மாற்றம் வராது.

செய்தித்தாளில் வரும் ஏற்றுமதிக் கணக்கும் பலரைக் குழப்புகிறது. 2024-25இல் இந்தியாவிலிருந்து சுமார் 17 லட்சம் டன் கடலுணவு ஏற்றுமதியானது, மதிப்பு 62,408 கோடி ரூபாய். படித்ததும் கடலையே வழித்து அனுப்பிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தப் பணத்தில் கிட்டத்தட்ட 70 சதவீதம் உறைய வைத்த இறால். அதில் பெரும்பங்கு 2009க்குப் பிறகு இங்கே பண்ணைகளுக்கு வந்த வனாமி ரக இறால், அதுவும் அதிகம் ஆந்திராவில் வளர்வது. கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா 2019இலிருந்து நம்மிடம் வாங்குவதே இல்லை. இழுவலையில் ஆமை தப்பித்துப் போக நாம் வழி வைக்கவில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஆக, ஏற்றுமதிப் பணத்தில் பெரும்பங்கு உங்கள் வடகடலைத் தொட்டுக்கூடப் பார்க்காதது. (நேராகத் தொடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சுற்றிவளைத்துத் தொடுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.)

சரி, நண்டுக்கு வருவோம். உங்கள் அப்பா சும்மா கொடுத்த அந்த நீலக்கால் நண்டு இன்று வேகவைத்து, சதை பிரித்து, டின்னில் அடைத்து, பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போகிறது. காலையில் கரைக்குப் போனால் நடப்பதெல்லாம் கண்ணெதிரே தெரியும். இரவு முழுக்கத் தரையில் கிடந்த நைலான் வலையைப் படகிலிருந்து இறக்குவார்கள். வீட்டுப் பெண்கள் மணலில் உட்கார்ந்து சிக்கெடுப்பார்கள். அவசரப்பட்டால் கால் ஒடியும், பொறுமையாக எடுத்தால் வெயில் ஏறி நண்டு சாகும். பக்கத்தில் இரண்டு கூடைகள். முழுசாக, கனமாக, அளவாக இருப்பது ஒரு கூடைக்கு. அது கம்பெனிக்கு. கால் ஒடிந்தது, சிறுசு, ஓடு கழற்றிச் சில நாளே ஆகி உள்ளே தண்ணீராக இருப்பது, எல்லாம் மற்றதற்கு. அதுதான் ஊருக்கு. ஏஜென்ட் தராசோடு நிற்பார். பல இடங்களில் அங்கே ஏலமே கிடையாது. வலைக்கும் எஞ்சினுக்கும் அவரிடம் முன்பணம் வாங்கியாகிவிட்டது, அவர் சொல்வதுதான் ரேட். அதனால் வெளிநாட்டு விலை முழுசாகப் படகுக்காரர் கைக்கு வருவதில்லை. உங்கள் கைக்கு மட்டும் முழுசாக வந்துவிடுகிறது.

அங்கிருந்து சதை பிரிக்கும் கூடம். பெரும்பாலும் பெண்கள்தான். நாலைந்து கிலோ நண்டை உடைத்தால் ஒரு கிலோ சதை தேறும். நீச்சல் காலின் அடியிலிருந்து உடையாமல் வரும் வெள்ளைக் கட்டிக்கு ஒரு விலை, உதிரிக்கு ஒரு விலை, கொடுக்குச் சதைக்கு வேறொன்று. வெளிநாட்டு விருந்து மேசைக்குப் போவது அந்த வெள்ளைக் கட்டி. நீங்கள் குழம்பில் போட்டு உறிஞ்சிச் சாப்பிடுகிற காலுக்கும் ஓட்டுக்கும் அங்கே மதிப்பே இல்லை. இதை நினைவில் வையுங்கள், கடைசியில் உதவும்.

கணவாயின் கதையும் இதுதான். வாங்குகிறவர் வந்த பிறகுதான் ஊசிக்கணவாயும் ஓட்டுக்கணவாயும் பணமாயின. அதற்கு முன் பல கரைகளில் அது தூண்டிலுக்கு இரை. இன்று உங்கள் பக்கத்து ஹோட்டலில் கணவாய் வறுவல் கேட்டால் பில்லைப் பார்த்துத் தலை சுற்றும்.

இனி தம்பியின் இரண்டாவது கேள்வி: இதனால் கடல் காலியாகுமா?

ஊருக்குள்ளேயே விற்கிற மீனுக்கு ஒரு பிரேக் உண்டு. பாடு, அதாவது வலையில் கிடைப்பது, அமோகமாக இருந்தால் விலை விழும், டீசல் செலவுக்கே கட்டாது, நாலு படகு கரையேறி நிற்கும். கடலுக்கு அந்த நாட்கள் ஓய்வு. ஏற்றுமதிச் சரக்குக்கு இந்த பிரேக் கிடையாது. எவ்வளவு வந்தாலும் உறைய வைத்தோ டின்னில் அடைத்தோ விற்றுவிடலாம், விலை சட்டென்று விழாது. அதைவிட மோசமானது மறுபக்கம். பாடு குறையக் குறைய விலை ஏறுகிறது. முன்பு பத்துக் கிலோ வந்த இடத்தில் இன்று நாலு கிலோதான் வந்தாலும், கிலோவுக்கு விலை இரண்டரை மடங்கு ஆகியிருந்தால் வருமானம் அதே. அப்போது யாரும் நிறுத்த மாட்டார்கள். இன்னும் நாலு வலை கூடுதலாகப் போடுவார்கள். நான் விடுகிற நண்டை அடுத்த படகு பிடிக்கப் போகிறது என்றால் நான் ஏன் விட வேண்டும்? இது பேராசை இல்லை அம்மா, கடன் இருக்கிறவனின் கணக்கு.

வெளிநாட்டின் தீராத ஆசைக்கு நல்ல சாட்சி கடல் அட்டை, கடல் தரையில் கிடக்கிற வெள்ளரிக்காய் மாதிரியான உயிர். நாம் யாரும் அதைச் சாப்பிட்டதில்லை, அதனால் நம் சந்தையில் அதற்கு விலையே இருந்ததில்லை. முழுக்க முழுக்கக் கிழக்காசியச் சமையலுக்கென்றே மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் அள்ளினார்கள். 1982இல் மூன்று அங்குலத்துக்குக் குறைந்ததை ஏற்றுமதி செய்யாதே என்று விதி வந்தது, போதவில்லை. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே சேர்த்து முழுத் தடை போட்டார்கள். இன்றும் மூட்டை மூட்டையாகப் பிடிபடுகிற செய்தி உங்கள் மாவட்டத்தில்தான் வருகிறது. அக்கரையில், இலங்கையின் வடக்கில், அதே அட்டையைச் சட்டப்படி பண்ணை வைத்து வளர்க்கிறார்கள்.

ஆனால் ஏற்றுமதி இல்லாவிட்டால் கடல் பிழைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. கேரளத்தின் மத்தியைப் பாருங்கள், நீங்கள் சாளை என்பது. 2012இல் அங்கே சுமார் 3.9 லட்சம் டன் பிடித்தார்கள். 2021இல் 3,297 டன். எழுத்துப் பிழை இல்லை, நூறில் ஒரு பங்குகூட இல்லை. சாளை ஏழையின் தட்டு மீன், வெளிநாட்டு ஆசைக்கு ஆளான மீன் அல்ல. கடல் சூடாவது, எல் நினோ, குஞ்சு மீனை அள்ளியது என்று பல காரணம் சேர்ந்த வீழ்ச்சி அது. மறுபக்கம், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2022இல் நாடு முழுக்க 135 மீன் இருப்புகளை மதிப்பிட்டு, அதில் 91.1 சதவீதம் நல்ல நிலையில் இருப்பதாகச் சொன்னது. நான் அந்த அறிக்கையை மதிக்கிறேன். ஆனால் நாடு முழுமைக்குமான சராசரியை வைத்து உங்கள் ஊர் வலையில் ஏன் நண்டு குறைந்தது என்று சொல்லிவிட முடியாது.

இப்போது, பிறகு வருகிறேன் என்ற இடத்துக்கு வருகிறேன். எனக்கு நண்டைவிடப் பெரிய கவலை இதுதான்.

ராமேஸ்வரத்திலோ மண்டபத்திலோ விசைப்படகு கரை சேரும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். இறால், கணவாய், நண்டு எல்லாம் தனித்தனிப் பெட்டியில் பத்திரமாக இறங்கும். கடைசியாகத் தளத்தில் குவிந்து கிடப்பதை மண்வெட்டியால் அள்ளுவார்கள். அதுதான் சங்காயம். குனிந்து கிளறினால் விரல் நீளக் காரல், குட்டிச் சங்கரா, குஞ்சு வாளை, கண்ணாடி மாதிரி நண்டுக் குஞ்சு. ஒரு வருடம் விட்டிருந்தால் இதெல்லாம் மீன். இப்போது லாரியில் ஏறி மாவு மில்லுக்குப் போகிறது. மாவு கோழித் தீவனமாகிறது, இறால் தீவனமாகிறது. ஆம், அந்த வனாமிக்கும்தான். பண்ணை இறால் கடலைத் தொடவில்லை என்றேனே, அது சுற்றிவந்து தொடுகிற இடம் இது.

டீசல் செலவை இறாலும் கணவாயும் தந்துவிடுகின்றன, சங்காயம் மேல்வரும்படி. முன்பெல்லாம் விலை போகாத சிறுமீனைக் கடலிலேயே கொட்டிவிடுவார்கள், அதுவும் அநியாயம்தான். ஆனால் கொட்டுகிற மீனுக்குக் காசு கிடைக்கிறது என்று ஆனதும், கண்ணி பெரிதாக உள்ள மடி (இழுவலையின் பை) போட வேண்டும் என்ற எண்ணமே போய்விட்டது. கண்ணி அளவுக்குச் சட்டம் இருக்கிறது. சட்டம் கரையில் இருக்கிறது, மடி கடலில் இருக்கிறது.

இதில் உங்கள் தட்டுக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். காரலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரை இழுவலையில் அதிகம் விழுவது அதுதான். பச்சையாகக் குழம்புக்குப் போனது, காய்ந்து கருவாடாக உள்ளூர்ச் சந்தைகளுக்குப் போனது. கருவாடு போடுகிற பெண்கள் கூடைக் கணக்கில் வாங்குவார்கள். மில்லுக்கு எடுக்கிறவர் டன் கணக்கில் வாங்குகிறார், ரகம் பிரிக்க வேண்டியதில்லை, ஐஸ் வேண்டியதில்லை, அழுகினாலும் பரவாயில்லை. அந்தப் பெண்களால் எப்படிப் போட்டி போட முடியும்? சாதாரணக் குடும்பத்தின் தட்டிலிருந்து மீன் போவது கப்பல் வழியாக அல்ல, பெரும்பாலும் மில் வழியாக. நண்டு போனது எல்லார் கண்ணிலும் பட்டது. காரல் போனது படவில்லை.

அப்படியானால் ஏற்றுமதியை நிறுத்தலாமா? வேண்டாம் என்பேன். நிறுத்தினால் என்ன ஆகும் என்று 2020 ஊரடங்கில் பார்த்தோம். கம்பெனி வாங்குவதை நிறுத்தியதும் நண்டு விலை விழுந்தது. சில வாரம் ஊரார் மலிவாகச் சாப்பிட்டோம். நண்டு வலைக் குடும்பங்களும் சதை பிரிக்கிற பெண்களும் கடனில் விழுந்தார்கள். கடன் கட்ட வேண்டுமென்றால் மறுபடி கூடுதல் வலை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியபோதும் முதலில் அடி வாங்கியது பண்ணைக்காரர்தான். உங்கள் ஊர் மார்க்கெட்டில் இறால் பாதி விலைக்கு வந்ததா? வந்திருக்காது. உரித்து உறைய வைத்து வெளியே அனுப்பவே அமைந்த ஏற்பாடு அது. அதிலிருந்து ராமநாதபுரம் மார்க்கெட்டுக்கு வழி போடவில்லை.

நிறுத்துவதைவிட, ஏற்றுமதி வாசலில் அளவுகோல் வைத்து நிற்பது பலன் தரும். ஆயிரம் படகைச் சோதிப்பது கஷ்டம், சில பத்துக் கம்பெனியைச் சோதிப்பது சுலபம். சிங்கி இறாலுக்கு (லாப்ஸ்டர்) 2003இல் அப்படித்தான் எடை வரம்பு வைத்தார்கள். ரகத்துக்குத் தக்கபடி இத்தனை கிராமுக்குக் குறைந்தால் ஏற்றுமதி கூடாது. நல்ல விதிதான். ஆனால் அதில் ஓர் ஓட்டை: வரம்பு ஏற்றுமதிக்கு மட்டும். அளவு பத்தாத சிங்கி என்ன ஆனது? உள்ளூர் ஹோட்டலில் சுக்கா ஆனது. வெளிநாட்டுக்காரன் தின்னக் கூடாத குஞ்சை நாம் தின்றோம். இதைச் சொன்னால் கூட்டத்தில் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேரளா 2015இல் 14 இனங்களுக்கும் பிறகு 58 இனங்களுக்கும் பிடிக்கிற அளவிலேயே வரம்பு வைத்தது, விற்கிற இடம் எதுவானாலும். இந்தோனேசியாவில் இதே நீலக்கால் நண்டு ஓட்டு அகலம் 10 செ.மீ. தாண்டினால்தான் பிடிக்கலாம். உங்கள் கரைக்கும் அப்படி ஒன்று வேண்டும், கம்பெனிக் கூடைக்கும் ஊர்க் கூடைக்கும் சேர்த்து.

படகின் எண்ணிக்கையும் குறைய வேண்டும். பாக் விரிகுடா இழுவைப் படகுகளில் 2,000ஐ ஆழ்கடல் சூரை (டூனா) படகாக மாற்ற 2017இல் திட்டம் வந்தது, ஒரு படகு 80 லட்சம் ரூபாய். மானியம் போக மீதியும் பெரிய தொகை, ஒரு வாரம் கடலில் தங்குகிற தொழிலும் புதிது. மாறியவர்கள் மிகச் சிலர். சூரையும் ஏற்றுமதிச் சரக்குதான் என்பதைத் தம்பியிடம் சொல்லுங்கள். வடகடலின் மேலிருக்கிற பாரத்தை இறக்கவும் ஏற்றுமதியையே நம்ப வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் அடுப்பு.

நண்டுக் குழம்பைப் பலகையில் மறுபடி எழுதுங்கள், ஆனால் தினமும் வேண்டாம். கம்பெனி நண்டின் பின்னால் ஓடாதீர்கள். கால் ஒடிந்ததைக் கம்பெனி கழிப்பது அவர்களின் கட்டிச் சதைக் கணக்குக்காக. குழம்புக்கு அதே ருசி. ஒரு நாட்டுப்படகுக் குடும்பத்திடம் பேசிவைத்து, ஒடிந்ததில் பெரிசை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுங்கள். விசைப்படகு திங்கள், புதன், சனியில் போகும், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்பது உங்களுக்கே தெரியும். வெள்ளிக்கிழமைக் காலை நல்ல நேரம். ஊரில் வாங்குகிறவர் குறைவு, ஊர்க் கூடையின் விலை அன்று இறங்கும், கம்பெனிக் கூடையில் மாற்றம் இருக்காது. வாங்கி ஐஸில் வைத்து சனிக்கிழமை மதியம் போடுங்கள். விலையைப் பலகையில் நிரந்தரமாக எழுதாதீர்கள், சாக்பீஸில் அன்றைய விலையை எழுதுங்கள். குழம்பு சாப்பிடுகிறவர்களுக்குக் காரணம் சொன்னால் புரியும்.

இரண்டை மட்டும் வாங்காதீர்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற சிறுசு ஒன்று. வயிற்று மடிப்புக்கு வெளியே முட்டை தள்ளி நிற்கிற சினை நண்டு இன்னொன்று. மஞ்சளாக இருந்தால் முட்டை இப்போதுதான் தள்ளியிருக்கிறது, கறுத்துப் போயிருந்தால் ஓரிரு நாளில் பொரிக்கப் போகிறது. ஒன்றில் லட்சக்கணக்கான முட்டை. வாடிக்கையாளர் சிலர் "முட்டையோடு போடுங்க" என்று கேட்பது அதை அல்ல, ஓட்டுக்கு உள்ளே இருக்கிற செந்நிறத்தை. அதற்குச் சினை நண்டு தேவையில்லை.

மீதி நாளுக்குக் காரல், ஓரா, முரல், சூடை. நான்குக்கும் கம்பெனிக் கூடை கிடையாது. ஓரா குழம்பை உங்கள் கரையில் வைப்பது மாதிரி வேறெங்கும் நான் சாப்பிட்டதில்லை. காரல் முள்ளுக்கு டவுன்காரர் பயப்படுவார்கள். வெள்ளைப்பூண்டு தட்டிப் போட்டு, புளி குறைத்து, தெளிந்த சாறாக வைத்தால் முள்ளைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். நீங்கள் தினம் பத்துக் கிலோ கேட்டு வாங்கினால், ஏதோ ஒரு படகில் அந்தப் பத்துக் கிலோவாவது மண்வெட்டிக்குப் போகாமல் ஐஸ் பெட்டிக்குப் போகும். மெஸ் முதலாளியாக உங்களால் ஆவது அவ்வளவுதான், அது சின்ன விஷயமும் இல்லை.

ஒரு உதவி கேட்கிறேன். வருகிற புரட்டாசியில் நண்டு, காரல், சீலா மூன்றின் விலையையும் உங்கள் கடைக் கணக்கு நோட்டின் ஓரத்தில் நாள்தோறும் குறித்துவையுங்கள். நண்டில் இரண்டு கூடைக்கும் தனித்தனியாக. ஐப்பசி பிறந்ததும் நகல் எடுத்து எனக்கு அனுப்புங்கள், தம்பியிடமும் ஒன்று கொடுங்கள்.